போர் தண்ணீர்த் தொட்டிக்கு எந்த அடிமண்: ஆற்று மணலா, அக்வா சாயிலா, செம்மண்ணா?

கேள்வி: தாம்பரம்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டு ஆண்டுகளாக மணலே இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்கள் வளர்த்து வருகிறேன். இப்போதுதான் முதன்முறையாகச் செடிகளுக்கென்றே ஒரு தொட்டி அமைக்க இருக்கிறேன். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் கொண்டது. எல்.இ.டி. விளக்கும் ஃபில்டரும் வாங்கியாகிவிட்டன. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்கும் எண்ணமும் வசதியும் எனக்கு இல்லை.

பின்வரிசையில் வாலிஸ்னேரியா, நடுவில் ஓர் அமேசான் சுவார்ட், முன்னால் மூன்று நான்கு கிரிப்டோகோரைன், ஒரு மரக்கட்டையின் மேல் அனுபியாஸ் என்று மனத்தில் ஒரு படம் வைத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கப்பிகளையும், எல்லாம் நன்றாக அமைந்தால் பிறகு கொஞ்சம் செர்ரி இறால்களையும் விடலாம் என்பது திட்டம்.

அடியில் எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம். கொளத்தூரில் மூன்று கடைகளில் விசாரித்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். முதல் கடைக்காரர், அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென்றே விற்கும் மண் உருண்டைகள்) இல்லாமல் செடி வைப்பது வீண் வேலை என்று சொல்லி, 9 லிட்டர் பை ஒன்றை எடுத்து வைத்தார். அதன் விலை தொட்டியின் விலையைவிட அதிகம். இரண்டாமவர் நீலமும் வெள்ளையுமாகச் சாயம் பூசிய கற்களைக் காட்டி, கூடவே உர மாத்திரைகளையும் வாங்கச் சொன்னார். மூன்றாமவர் சிரித்துவிட்டு, வீட்டில் ஆற்று மணல் இருந்தால் அதுவே போதும் என்று சொல்லி என்னை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்.

வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணல் இரண்டு மூட்டை மொட்டை மாடியில் உண்மையிலேயே இருக்கிறது. அதைத் தவிர, கோவளம் பக்கம் மனை வாங்கியிருக்கும் உறவினர் ஒருவர் அங்கிருந்து ஒரு வாளி வெண்மணல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பார்க்க மிக அழகாக இருக்கிறது. எங்கள் வீட்டுத் தண்ணீர் முழுக்க முழுக்க போர் தண்ணீர்தான். குழாய் முனைகளில் வெள்ளைப் படிவு ஏறுகிறது, டி.டி.எஸ். மீட்டர் 820 காட்டுகிறது. இந்த நிலையில் எந்த மண்ணைத் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு உயரத்துக்குப் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய கண்ணாடி

நண்பரே, மூன்று கடைக்காரர்களில் யாரும் உங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நீங்களாகவே அதைச் சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்துவிட்டது. டி.டி.எஸ். மீட்டர் உப்பின் மொத்தத்தைத்தான் சொல்லும், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. ஆகையால் சொட்டு மருந்து வடிவில் கிடைக்கும் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை), ஜி.எச். (கால்சியமும் மக்னீசியமும் தரும் மொத்தக் கடினத்தன்மை) சோதனைக் குப்பிகளை வாங்கி ஒருமுறை பாருங்கள். குழாயில் வெள்ளை படிகிறது என்பதிலிருந்தே கே.எச். பத்துக்குக் குறையாது என்று ஊகிக்கிறேன்.

கே.எச். ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடிமண்ணாகப் பயன்படும் பொருள்களை இரண்டு இனங்களாகப் பிரிக்கலாம். ஆற்று மணல், குவார்ட்ஸ் கிராவல், கருங்கல் பொடி போன்றவை தண்ணீரோடு எந்த வினையும் புரியாமல் சும்மா கிடப்பவை. செடியின் வேருக்குப் பிடிமானம் தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது. அக்வா சாயில் அப்படிப்பட்டது அல்ல. ஜப்பானின் நிகாடாவைச் சேர்ந்த தகாஷி அமானோ தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அமேசோனியாதான் இந்த வகையில் உலகறிந்தது. இன்று பல நிறுவனங்கள் அதைப் போன்ற உருண்டைகளைச் செய்கின்றன. கரிமப்பொருள் செறிந்த மண்ணை உருட்டி, மிதமான சூட்டில் இறுக்கிச் செய்யப்படும் இந்த உருண்டைகள், தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியே விடுகின்றன. அந்த ஹைட்ரஜன் தண்ணீரின் பைகார்பனேட்டோடு சேர்ந்து அதைத் தீர்க்கிறது, கே.எச். குறைகிறது, பி.எச். ஆறரைக்கு அருகில் இறங்குகிறது. மென்மையான அமிலத் தண்ணீரை விரும்பும் செடிகளுக்கும் கிறிஸ்டல் ரெட் போன்ற இறால்களுக்கும் இது வரப்பிரசாதம்தான்.

ஆனால் அந்த உருண்டைக்குள் ஹைட்ரஜனை வைத்திருக்கும் இடங்களுக்கு ஓர் அளவு உண்டு. வாரந்தோறும் நீங்கள் மாற்றி ஊற்றும் கடினத் தண்ணீர் அந்த இடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வரும். மென்மையான தண்ணீரில் இரண்டு மூன்று ஆண்டுகள் நீடிக்கும் இந்தத் தன்மை, உங்கள் போர் தண்ணீரில் சில மாதங்களிலேயே தீர்ந்துவிடும். அதன்பின் உங்களிடம் இருப்பது, தொட்டால் நொறுங்குகிற, விலை உயர்ந்த ஒரு சாதாரண மண். பழைய பல்லாவரத்தில் குடியிருந்தபோது நானே இந்தத் தவற்றைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். ஆறாவது மாதம் பி.எச். மறுபடியும் எட்டில் வந்து நின்றது.

இன்னொன்றும் இருக்கிறது. புதிய அக்வா சாயில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கக்கும். பி.எச். ஏழும் அதற்குக் கீழும் உள்ள தண்ணீரில் அதில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட வராது. அதே தண்ணீர் எட்டுக்குப் போனால், 25 டிகிரி வெப்பத்தில் நச்சுப் பங்கு சுமார் ஐந்தாக உயர்கிறது. நம் ஊர்க் கோடையில் தொட்டி நீர் முப்பதைத் தாண்டும்போது அது இன்னும் கூடும். கடினத் தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டு அக்வா சாயிலைப் பழக்கும்போது கப்பிகளை அவசரப்பட்டு விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி உங்கள் செடிப் பட்டியலுக்கு வருகிறேன். உண்மையில் அது கடினத் தண்ணீருக்கென்றே பொறுக்கி எடுத்ததைப் போல இருக்கிறது. வாலிஸ்னேரியா, தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தனக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளக்கூடியது. சிலிண்டர் இல்லாத உங்கள் தொட்டியில் மற்ற செடிகள் திணறும்போதும் அது பரவும். கடைகளில் அதிகம் கிடைக்கும் கிரிப்டோகோரைன் வென்டீ இலங்கையின் ஓடைகளைச் சேர்ந்தது; கடினத் தண்ணீரைத் தாங்கும். அனுபியாஸுக்கு மண்ணே வேண்டாம். இஞ்சிபோல் கிடையாக ஓடும் அதன் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும், கட்டையில் நூலால் கட்டிவிட வேண்டும். மிஞ்சுவது அமேசான் சுவார்ட். இவற்றில் வேரால் மிக அதிகமாகச் சாப்பிடுகிற பெருந்தீனிக்காரச் செடி அதுதான். அதற்கு உர மாத்திரையை வேரடியில் வைத்தால் போதும். கப்பி உங்கள் தண்ணீரில் மகிழ்ச்சியாகவே இருக்கும், செர்ரி இறாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

ஆகவே என் பரிந்துரை மாடியில் கிடக்கும் ஆற்று மணல். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 7 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் சராசரி 5 செ.மீ. வரும், 60, 30, 5 மூன்றையும் பெருக்கினால் 9,000 கன செ.மீ., அதாவது 9 லிட்டர், எடையில் சுமார் 14 கிலோ. ஒரு மூட்டையில் கால்பங்கு செலவாகலாம். சாயக் கற்களை மறந்துவிடுங்கள். அவற்றின் இடைவெளிகளில் எச்சமும் உணவும் போய்த் தங்கும், வேருக்கும் பிடிமானம் இருக்காது.

மணலைத் தொட்டியில் போடும் முன் ஒரு சோதனை அவசியம். ஒரு டம்ளரில் இரண்டு கரண்டி உலர்ந்த மணலை எடுத்து, சமையல் வினிகரை அது மூழ்கும்வரை ஊற்றி, காதருகே வைத்துக் கேளுங்கள். சோடா திறந்ததுபோல் சிற்றொலி கேட்டாலோ, மணலிலிருந்து குமிழ்கள் வரிசையாக எழுந்தாலோ அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். கோவளத்து மணலில் அது நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கடற்கரை மணலின் அழகில் பாதி சிப்பித்தூள்.

பதில்: நொய்யல்கரை

பழைய கண்ணாடி ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் அக்வா சாயிலை வெறும் பகட்டுப் பொருளாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். எங்கள் பகுதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. என் வீட்டுக் குழாயில் கே.எச். ஒன்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அக்வா சாயில் போட்ட என் தொட்டி மூன்றாம் ஆண்டை முடிக்கப் போகிறது, இன்றும் பி.எச். 6.4 அளவிலேயே நிற்கிறது. உருண்டைகள் மேலாகக் குழைந்திருக்கின்றனவே தவிர, கையில் எடுத்தால் வடிவம் தெரிகிறது. ஒரே பொருள் பல்லாவரத்தில் ஆறு மாதமும் இங்கே மூன்று ஆண்டும் உழைக்கிறது என்றால், தீர்ப்பு பொருளின் மேல் அல்ல, தண்ணீரின் மேல்தான் எழுதப்பட வேண்டும்.

அக்வா சாயில் செய்து, மணல் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. முன்பக்கம் புல்தரைபோல் படரும் குட்டிச் செடிகளின் வேர்கள் நூலைவிட மெல்லியவை. அவற்றுக்கு இலேசான, துளைகள் நிறைந்த, சத்தைத் தன்னிடம் பிடித்துவைத்துக் கொடுக்கும் உருண்டைகள் தேவை. கனமான மணலில் அவற்றை நட்டுப் பார்த்தேன். இடுக்கியை எடுக்கும் முன்பே செடி மேலே மிதந்து வந்தது. தாம்பரம் நண்பருக்கு அத்தகைய ஆசை இப்போது இல்லை என்பதால் அவருக்கு இது பொருந்தாது.

ஒருவேளை நாளைக்கு அந்த ஆசை வந்தால், வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நல்ல நீரைப் பயன்படுத்தலாம். மண், கட்டை போக உங்கள் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாரம் 15 லிட்டர் மாற்றினால் போதுமானது. போர் தண்ணீர் ஒரு பங்கும் ஆர்.ஓ. நீர் மூன்று பங்கும் கலந்தால், கே.எச். 12 உள்ள தண்ணீர் 3க்கு வந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைச் சிலர் வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அது போர் தண்ணீரைவிடவும் உப்பு மிகுந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் வேண்டாம். செப்புக் குழாய்களின் மேல் வழிந்து வருவது அது, செம்பு இறாலுக்கு ஆகாது.

மென்மையான தண்ணீர்க்காரர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லை ஒன்று இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். எங்கள் ஊரில் வெறும் ஆற்று மணல் போட்டால் கே.எச். நாளடைவில் தீர்ந்து, பி.எச். திடீரென்று சரிந்துவிடும். அதனால் ஒரு துணிப்பையில் ஒரு கைப்பிடி சிப்பித்துண்டுகளைக் கட்டி ஃபில்டருக்குள் வைத்திருக்கிறேன். நண்பரின் உறவினர் கோவளத்து மணலை யாருக்காவது கொடுக்க விரும்பினால் எனக்கு அனுப்பலாம்.

பதில்: வண்டல்

விலை உயர்ந்த சாயில், வெறும் மணல் என்ற இரண்டு கரைகளுக்கு நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதை யாரும் இன்னும் சொல்லவில்லை. சாதாரண மண்ணை அடியில் மெல்லியதாகப் பரப்பி, அதன்மேல் மணலால் மூடுவது. அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் விரிவாக எழுதிப் பரப்பிய முறை இது. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் நடவு பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது புதிதாக ஒன்றும் தோன்றவில்லை.

நெல் வயலில் தண்ணீரைக் கட்டியவுடன் சேற்றுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது மண்ணில் துருவாக இறுகிக் கிடக்கும் இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. அம்மோனியமும் களிமண்ணைப் பற்றிக்கொண்டு வேருக்காகக் காத்திருக்கிறது. நாற்றைப் பிடுங்கிக் கழுவினால் வேரின் மேல் செம்பழுப்பாக ஒரு படலம் தெரியும். பயிர் தன் தண்டின் காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு இறக்கி, கரைந்த இரும்பை வேரருகே மறுபடியும் துருவாக்குவதால் வருவது அது. என் தொட்டியில் ஓர் அமேசான் சுவார்டைப் பிடுங்கியபோது அதே செம்பழுப்பு வேரைப் பார்த்தேன். கடினத் தண்ணீரில் நீங்கள் எவ்வளவு இரும்பு உரத்தை ஊற்றினாலும் அதில் பெரும்பகுதி படிந்து வீணாகும். மண்ணடியில் காற்றுப்படாமல் இருக்கும் இரும்பைத்தான் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும். வெறும் மணலில் அந்த இருப்பு இல்லை என்பதுதான் ஐயாவின் யோசனையில் நான் காணும் ஒரே குறை.

எனினும் என் முதல் தொட்டி எப்படிக் கெட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நர்சரி ஒன்றிலிருந்து மண்புழு உரமும் செம்மண்ணும் சம அளவில் வாங்கிக் கலந்து, இரண்டு அங்குலத்துக்குக் கொட்டி, அதன்மேல் மாவுபோன்ற நைஸ் மணலை ஓர் அங்குலம் போட்டேன். மறுநாள் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. நான்காம் நாள் பொறுமை இழந்து ஆறு மீன்களை விட்டேன். விடிந்தபோது ஒன்றுகூட உயிரோடு இல்லை. இரண்டாம் வாரம் மணலுக்கு அடியிலிருந்து பெரிய குமிழ்கள் கிளம்பி, உடையும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மண் மிதமிஞ்சிக் கொழுத்திருந்தது, அடுக்கு தடித்திருந்தது, மூடிய மணல் மூச்சுவிடவே இடம் தராத அளவுக்கு நைஸாக இருந்தது. மூன்றுமே என் குற்றம்.

இரண்டாம் முறை உரமே சேர்க்கவில்லை. வயலில் அண்மையில் யூரியாவோ பூச்சிமருந்தோ படாத மூலை ஒன்றிலிருந்து செம்மண் எடுத்து, வாளியில் ஊறவைத்து, மேலே மிதந்த வேரையும் சருகையும் வடித்து, சாக்கில் பரப்பி வெயிலில் சருகாகக் காயவைத்தேன். இப்படி ஊறப்போட்டுக் காயவைப்பதை நான்கு முறை செய்தபின், ரவை சலிக்கும் சல்லடையில் சலித்தேன். ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது மண்ணிலுள்ள கரிமப்பொருளில் எளிதில் அழுகக்கூடியது எல்லாம் வெளியிலேயே அழுகி முடிந்துவிடும். தொட்டிக்குள் அழுகுவதற்கு மிச்சம் அதிகம் இருக்காது. அந்த மண்ணை 2 செ.மீ. மட்டும் பரப்பி, ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை பருமன் உள்ள மணலை 4 செ.மீ. போட்டு மூடினேன். தொட்டி மூன்று ஆண்டுகள் ஓடியது. ஒரு மாத்திரை வைக்கவில்லை.

கரம்பை மண் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். போடலாம், ஆனால் எங்கள் பக்கத்துக் களியில் பல இடங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் கிடக்கும், அவை சுண்ணாம்பு. பொறுக்கி எறிந்தாலும் தூள் இருக்கும். தண்ணீர் ஏற்கெனவே கடினமாக இருக்கும் தாம்பரத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன். தேங்காய் நார்த்தூளும் வேண்டாம். அது மிதக்கும், தண்ணீரையும் கறுக்க வைக்கும்.

பதில்: பழைய கண்ணாடி

வண்டல் அம்மா எழுதியது முற்றிலும் சரி. இரும்பைப் பற்றிய அந்தப் பகுதியை நான் விட்டிருக்கக் கூடாது. 1980களில் ஜெர்மனியின் டூப்ளா நிறுவனம் இரும்பு மிகுந்த லேட்டரைட் மண்ணைக் கிராவலோடு கலந்து போடும் முறையைப் பரப்பியபோது அதன் அடிப்படையும் இதுவே. வேடிக்கை என்னவென்றால், லேட்டரைட் என்ற பெயரே 1807இல் ஃபிரான்சிஸ் புக்கானன், கேரளத்தின் அங்காடிப்புறத்தில் வெட்டுக்கல்லைப் பார்த்துவிட்டு வைத்தது. நம் பக்கத்து வீட்டுச் செங்கல்லை ஐரோப்பாக்காரர்கள் மீன்தொட்டிக்காக விலை கொடுத்து வாங்கினார்கள்.

இருந்தாலும் முதல்முறை செடி வைப்பவருக்கு மண் அடுக்கைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. முதல் தொட்டியில் யாரும் செடியை நட்ட இடத்தில் விட்டுவைப்பதில்லை. இன்று நடுவில் நட்ட சுவார்டை அடுத்த வாரம் மூலைக்கு மாற்றத் தோன்றும். வேரோடு பிடுங்கும்போது அடியிலுள்ள மண் மேலே புகைபோல எழும். மணல் மட்டும் இருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் நான் செய்வது இது. நைஸான செம்மண்ணைக் கெட்டியாகப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, நிழலில் காயவைக்கிறேன். மெல்லக் கரையும் உரக் குருணை கிடைத்தால் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் ஐந்தாறு மட்டும் பொதிந்துவிடுவேன். சுவார்டின் வேரைச் சுற்றி இரண்டு அல்லது மூன்று உருண்டைகள், கிரிப்டோகோரைன் ஒன்றுக்கு ஓர் உருண்டை, கண்ணாடித் தரையைத் தொடும்வரை விரலால் அழுத்திவிட வேண்டும். மேலாக வைத்தால் உரம் தண்ணீரில் கரைந்து பாசிக்குத்தான் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வைத்தால் போதும்.

தாம்பரம்வாசி

அனைவருக்கும் நன்றி. வினிகர் சோதனையை இன்று காலை செய்தேன். கோவளத்து மணலில் வினிகர் பட்டவுடனே நுரை எழுந்தது. டம்ளரைக் காதில் வைத்தபோது மழைத்தூறல் தகரத்தில் விழுவதுபோல் ஓசை கேட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைத் துணுக்குகளின் மேல் மட்டும் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆற்று மணலில் தொடக்கத்தில் இரண்டு மூன்று காற்றுக் குமிழ்கள் வந்து நின்றுவிட்டன. கே.எச். 12, ஜி.எச். 17 என்று சோதனைக் குப்பிகள் காட்டின.

இரண்டு சந்தேகங்கள். மாடியில் இருக்கும் மூட்டைகளில் ஒன்றில் நடுவே எம்-சாண்ட் கலந்திருப்பதுபோல் தெரிகிறது. சாம்பல் நிறமாகவும் கையில் குத்துவதாகவும் இருக்கிறது. அது ஆகுமா? நல்ல மணலிலும் மாவுபோன்ற தூள், பெரிய கற்கள், கொஞ்சம் சிமெண்ட் கட்டிகள் எல்லாம் இருக்கின்றன. எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: வண்டல்

எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்துச் செய்வது. பெரும்பாலும் தண்ணீரோடு வினை புரியாது. ஆனால் மணிகள் கூர்மையாகவும் தூள் மிகுதியாகவும் இருப்பதால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிமெண்ட் தரைபோல இறுகும். தரையைத் தடவிச் சாப்பிடும் கோரிடோராஸ் போன்ற மீன்களை எதிர்காலத்தில் விட நினைத்தால் அந்தக் கூர்மை இன்னும் ஆகாது. உங்களிடம் இன்னொரு மூட்டை இருக்கும்போது இதற்கு என்ன தேவை? கலந்த மூட்டையைத் தொட வேண்டாம். புது ஆற்று மணல் நேர்வழியில் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு மூட்டையும் பெரிய சொத்துதான்.

சிமெண்ட் கட்டிகளைக் கட்டாயம் பொறுக்கிவிடுங்கள். அவை நாள்கணக்கில் சுண்ணாம்பைக் கசியவிட்டு பி.எச்.-ஐ ஏற்றும். பிறகு இரண்டு சலிப்பு. பெரிய கண் சல்லடையில் சலித்துக் கற்களை நீக்குங்கள். அடுத்து, கீழே விழுந்ததைக் கொசுவலையில் போட்டு ஆட்டி மாவை வெளியேற்றுங்கள். வலையில் தங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய மணல். அதை ஒருமுறைக்கு அரை வாளிக்கு மேல் போகாமல் எடுத்து, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி, கையை முழங்கைவரை விட்டுக் கலக்கி, கலங்கலைச் சாய்த்து ஊற்ற வேண்டும். என் கணக்கில் பன்னிரண்டு முறையாவது ஆகும். கலங்கல் பால் நிறத்திலிருந்து மோர் நிறத்துக்கும், பிறகு அரிசி கழுவிய தண்ணீர் நிறத்துக்கும் வரும். அங்கே நிறுத்தாமல் இன்னும் மூன்று முறை கழுவுங்கள்.

தண்ணீர் நிரப்பும்போது மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். முதலில் நான்கு விரல் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, செடிகளை நட்டு முடித்துவிட்டு, அப்புறம் முழுவதும் நிரப்பினால் நடுவதும் எளிது, கலங்குவதும் குறைவு.

பதில்: பழைய கண்ணாடி

ஒரே ஒரு சேர்க்கை. மணல் அம்மோனியாவைக் கக்காது என்பதால் மறுநாளே மீன் விடலாம் என்று எண்ண வேண்டாம். மீன் கழிவைத் தின்னும் பாக்டீரியா புதிய மணலில் இன்னும் குடியேறவில்லை. உங்கள் பழைய கப்பித் தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் பாதியைப் புதிய ஃபில்டருக்குள் வைத்துவிடுங்கள். அம்மோனியாவும், அதை பாக்டீரியா மாற்றும்போது வரும் நைட்ரைட்டும் சோதனையில் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகு முதலில் நான்கு கப்பிகளை மட்டும் விடலாம். இறால் இரண்டு மாதம் கழித்து. நட்ட இரண்டாம் வாரத்தில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகி விழும். அதைப் பார்த்துப் பயந்து செடியைப் பிடுங்க வேண்டாம், மண்ணைக் குறை சொல்லவும் வேண்டாம். இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். வேர் உயிரோடு இருக்கும்.

தாம்பரம்வாசி, ஒன்பது வாரங்களுக்குப் பின்

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மணலைப் பதினேழு முறை கழுவினேன். பாத்திரம் தேய்க்கும் இடத்தில் ஞாயிறு முழுவதும் நான் உட்கார்ந்திருந்ததைப் பற்றி வீட்டில் இன்னும் பேசுகிறார்கள். மணல் 5 செ.மீ., செம்மண் உருண்டைகள் எட்டு. உரக் குருணை கிடைக்காததால் வெறும் செம்மண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐயா சொன்னபடியே பதினோராம் நாள் நான்கு கிரிப்டோகோரைன்களும் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டன. மணலின் மேல் வெறும் குச்சிகள்தான் நின்றன. ஒன்றை மட்டும் பொறுக்க முடியாமல் இழுத்துப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, உறுதியாகப் பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாம் வாரம் மூன்றில் சுருண்ட செம்பழுப்பு இலைகள் வந்தன. இழுத்துப் பார்த்தது மட்டும் இன்னும் ஓர் இலையில்தான் நிற்கிறது. வாலிஸ்னேரியா மணலுக்குள் ஓடி முன்கண்ணாடிவரை வந்துவிட்டது, வாரம் ஒருமுறை வெட்டுகிறேன். சுவார்டின் பழைய இலைகள் மஞ்சளாகின, புதியவை பச்சையாக இருக்கின்றன. இது உரம் போதாததன் அறிகுறியா, பழைய இலை இயல்பாகக் கழிவதா என்று தெரியவில்லை.

பதில்: பழைய கண்ணாடி

புதிய இலைகள் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை அல்ல. இரும்பு போதாவிட்டால் முதலில் வெளுப்பது புதிய இலைதான். பழைய இலை மட்டும் மஞ்சளாவது, செடி அதிலிருந்து நைட்ரஜனையோ பொட்டாசியத்தையோ எடுத்துப் புதிய இலைக்கு அனுப்புவதைக் காட்டுகிறது. கப்பிகளின் எண்ணிக்கை கூடும்போது நைட்ரஜன் தானாக வரும். அதுவரை அந்தச் சுவார்டுக்கு மட்டும் கடையில் கிடைக்கும் வேர் மாத்திரை ஒன்றை ஆழமாக வையுங்கள். பாக்கெட்டில் செம்பின் அளவைப் பார்த்து, குறைவாக உள்ளதையே வாங்குங்கள், இறால் வரப்போகிறது அல்லவா.